ஒரே படம், இரண்டு ஜாயிண்ட்

எலும்பு முறிந்தால் எக்ஸ்ரே எடுப்பது எல்லோருக்கும் தெரியும். இரும்புக் குழாய்க்கும் எடுப்பார்கள் என்றால் பாதிப் பேர் நம்ப மாட்டார்கள். இரண்டு குழாய்களை வெல்டிங் வைத்து ஒட்டிய இடத்துக்கு ஜாயிண்ட் என்று பெயர். மேலே பார்த்தால் மொழுமொழுவென்று இருக்கும். உள்ளே ஓட்டை இருக்கிறதா, விரிசல் இருக்கிறதா என்பது படம் எடுத்தால்தான் தெரியும். அந்தப் படங்களை வெளிச்சப் பெட்டியின்மேல் வைத்து, கண்ணோடு ஒட்டிய லென்ஸ் வழியாக நாளெல்லாம் பார்ப்பதுதான் அவள் வேலை. வேலை இடத்தில் அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பேர். முதலில் முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள், பிறகு முகத்துக்கு நேராகவே சொன்னார்கள். அவள் அதை ஒன்றும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஜன்னல் இல்லாத அறை. கதவில் கறுப்புத் துணித் திரை. படம் கழுவும் மருந்தின் புளிச்ச வாடை சாப்பாட்டு டப்பாவரைக்கும் ஏறியிருக்கும். ஒரு நாளைக்கு அறுபது படத்துக்கு மேல் பார்க்க மாட்டாள். மற்றவர்கள் நூறு பார்க்கிறார்களே என்று யாராவது ஜாடையாகக் கேட்டால், அவர்கள் கண் நல்ல கண்ணாக இருக்கும் என்பாள்.

இருபத்தொரு வருஷத்துக்கு முன்னால் இந்தத் தொழிலின் வாடையே அவளுக்குக் கிடையாது. வீட்டில் தையல் மெஷின் மிதித்துக்கொண்டிருந்தாள். கணவன் நிலக்கரி மின்நிலையத்தில் பாய்லர் ஆபரேட்டர். மகளுக்கு நாலு வயது. ஒரு நாள் காலை ஷிப்டில், பாய்லரிலிருந்து டர்பைனுக்கு நீராவி கொண்டுபோகும் பெரிய குழாய் ஒரு ஜாயிண்ட்டில் பிளந்துகொண்டது. ஏழு பேர் போனார்கள். அவளுக்கு முகத்தைக் காட்டவில்லை. கொழுந்தன்தான் உள்ளே போய், பெல்ட்டையும் கைக்கடிகாரத்தையும் பார்த்து, ஆமாம் அண்ணன்தான் என்று சொல்லிவிட்டு வந்தான்.

விசாரணை எட்டு மாசம் இழுத்தது. ஒரு நாள் விடாமல் போய் உட்கார்ந்தாள். பாதி புரியவில்லை. ஆனால் ஒரு நாள் விசாரணை அதிகாரி தாளைப் புரட்டிக்கொண்டே, போகிற போக்கில் ஒன்று சொன்னார். அந்த ஜாயிண்ட்டுக்கு ஃபைலில் படம் இருக்கிறது, ஆனால் அது வேறொரு ஜாயிண்ட்டின் படம் என்று. யாரோ சோம்பலில் ஒரே இடத்தை இரண்டு முறை எடுத்து, நம்பரை மட்டும் மாற்றி வைத்திருக்கிறார்கள். பார்க்க வேண்டியவர் பார்க்காமலே கையெழுத்துப் போட்டிருக்கிறார். அந்த வாக்கியம் முள்ளாகத் தைத்து அப்படியே நின்றுவிட்டது. இறந்தவர் குடும்பத்துக்கு என்று ஆவணப் பிரிவில் அவளுக்கு ஒரு வேலை கொடுத்தார்கள். அங்கே பீரோ பீரோவாகப் படங்கள். மூன்று வருஷம் தூசி தட்டியவள், படம் படிக்கும் பரீட்சைக்கு எழுதிப் போட்டாள். முதல் தடவை ஃபெயில். இரண்டாம் தடவை பாஸ்.

அந்த வருஷங்களில் கொழுந்தன்தான் வீட்டுக்குத் தூண். மருந்துக்கடை வைத்திருந்தான். கல்யாணமாகிப் பிள்ளைகள் பிறந்த பிறகும், அண்ணன் மகளுக்கு ஸ்கூல் மீட்டிங் என்றால் கடையைச் சாத்திவிட்டு முதல் ஆளாகப் போவான். அவளிடம் ஒரு சொல் கடிந்து பேசியதில்லை. ஆற்றுக்கு அந்தப் பக்கம் அணுமின் நிலையம் வரப்போகிறது என்ற செய்தி வந்தபோதுதான் முதல் முறையாக அவன் குரல் உயர்ந்தது. எதிர்ப்புக் குழுவுக்கு அவன்தான் செயலாளர். கடை வாசலில் போர்டு, செர்னோபில், ஃபுகுஷிமா படங்கள், கையெழுத்து வாங்க ஒரு நோட்டு. அப்படிப்பட்டவனிடம், அதே நிலையத்தில் குழாய்ப் படங்கள் பார்க்கும் வேலைக்குத் தான் சேரப்போவதாக அவள் போய்ச் சொன்னாள்.

அவன் கையெழுத்து நோட்டை மூடி வைத்தான். பிறகு சொன்னான். "அண்ணி, அண்ணனைக் கொன்னது நீராவி. அது அந்த ஹாலுக்குள்ளயே நின்னுடுச்சு. இது அப்படி நிக்காது."

"அந்தப் புகைபோக்கியோட புகை மட்டும் உள்ளயே நின்னுச்சா தம்பி? அத்தை பத்து வருஷம் இருமியே போய்ச் சேர்ந்தாங்க. அதுக்கு யாரு விசாரணை வெச்சா?"

"அதுக்காக அதைவிடப் பெரிசா ஒண்ணைக் கொண்டுவரணுமா? அங்கயும் இதே கான்ட்ராக்டர், இதே அவசரம், இதே கையெழுத்துதான்."

"அதனாலதான் போறேன்," என்றாள்.

 அவன் சமாதானம் ஆகவில்லை. மகளைப் பார்க்க மட்டும் வருவான், அவள் வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்து.

வேலைக்குச் சேர்ந்து இரண்டாம் வருஷம், ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், அது நடந்தது. அணு உலையைக் குளிரவைக்கும் தண்ணீர் போகும் குழாய்களின் படங்கள். நூற்று முப்பத்தொன்றாம் ஜாயிண்ட்டின் படத்தை வைத்தாள். சுத்தமாக இருந்தது. ஒரு ஓரத்தில் மட்டும், கமா போல வளைந்த ஒரு சின்னப் புள்ளி. விதிப்படி ஜாயிண்ட்டையே தள்ளிவிடும் அளவுக்குக் குறை இல்லை. கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தவள் நிறுத்தினாள். இந்தக் கமாவை எங்கேயோ பார்த்திருக்கிறோம். எழுந்து போய்ப் பழைய கட்டுகளைப் பிரித்தாள். நூற்றுப் பதினாலாம் ஜாயிண்ட். இரண்டு படங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தாள். கமாவின்மேல் கமா உட்கார்ந்தது. வெல்டிங் வரிகளில் ஒன்றுகூடப் பிசகவில்லை. கைரேகை எப்படி இரண்டு பேருக்கு ஒன்றாக இருக்காதோ, அப்படித்தான் அந்த வரிகளும்.

  கணவனின் நினைவுகூட வரவில்லை, அதுதான் அவளுக்கே ஆச்சரியம். அந்த விசாரணை ஹாலும், தாளைப் புரட்டிய விரல்களும்தான் வந்தன. ஒரு மணி நேரம் இரண்டு படங்களையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பிரிவுத் தலைவர் கெட்டவர் இல்லை. படங்களைப் பார்த்ததும் அவர் முகம் வெளுத்துவிட்டது. இரண்டு நாள் பொறுக்க முடியுமா என்று கேட்டார். மறைக்கச் சொல்லவில்லை, மேலிடத்தில் நேரில் பேசிவிட்டு எழுதலாம் என்றார். இது வெளியே போனால் வாசலில் நிற்கிற எதிர்ப்புக் குழுக்காரர்கள் சும்மா விடமாட்டார்கள் என்றார்.  அவள் தன் மேஜைக்குத் திரும்பி, அன்றைக்கே அறிக்கை எழுதி, தேதி போட்டு, அவர் கையிலேயே கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனாள்.

நூற்று முப்பத்தொன்றாம் ஜாயிண்ட்டை மறுபடி படம் எடுத்தார்கள். உள்ளே ஒரு விரல் நீளத்துக்கு இரும்பு ஒட்டவே இல்லை. வெட்டி எடுத்துப் புதிதாகப் போட்டார்கள். படம் எடுத்த கம்பெனியை வெளியே அனுப்பினார்கள். வேலை இரண்டு மாசம் நின்றது. விஷயம் எப்படியோ கசிந்து, ஊரே அதை வாயில் போட்டு மென்றது.

வேடிக்கை என்னவென்றால், இரண்டு பக்கமும் அந்த ஒரே படத்தைத்தான் தூக்கிப் பிடித்தார்கள். பார்த்தீர்களா, எவ்வளவு கண்காணிப்பு, ஒரு புள்ளிகூடத் தப்பவில்லை என்றது நிலையம். பார்த்தீர்களா, கட்டும்போதே இந்த லட்சணம் என்றது எதிர்ப்புக் குழு. பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் அறிவிக்கப்பட்டது. நீங்களே வந்து சொன்னால் நம்புவார்கள் என்றார் பிரிவுத் தலைவர். கொழுந்தன் அவள் வீட்டுக்கு வந்தான், இந்த முறை அவள் இருக்கும்போதே. அண்ணனுக்காக ஒரே ஒரு தடவை வந்து பேசுங்கள் என்றான். இரண்டு பேருக்கும் அவள் ஒரே பதில்தான் சொன்னாள், வருகிறேன் என்று.

நகராட்சி மண்டபத்தில் நிற்க இடமில்லை. மின்விசிறிகள் சுற்றியும் எல்லோர் முதுகும் நனைந்திருந்தது. மைக்கின் உயரத்தைச் சரிசெய்யத் தெரியாமல் குனிந்தே பேசினாள்.

"அணு பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது. ஜாயிண்ட் பத்தித் தெரியும். தப்பைக் கண்டுபிடிச்சாச்சு, அதனால எல்லாம் பத்திரம்னு ஒரு பக்கம் சொல்றாங்க. அப்படி என்னால சொல்ல முடியாது. கண்டுபிடிச்சது எனக்குத் தெரியும். கண்டுபிடிக்காதது எத்தனைன்னு தெரியாது. முன்னாடி அங்கங்க விபத்து நடந்துச்சு, இங்கயும் தப்பு நடந்துச்சு, அதனால இழுத்து மூடணும்னு இன்னொரு பக்கம் சொல்றாங்க. என் வீட்டுக்காரர் செத்த நிலையத்தை ஏழே வாரத்துல திரும்ப ஓட்டினாங்க. அப்ப யாரும் மூடச் சொல்லல. நானும் சொல்லல. என் வீட்லயும் லைட் எரியணும்ல."

மண்டபத்தில் சலசலப்பு. முன்வரிசையில் இருந்து ஒரு பெண் எழுந்தாள், இடுப்பில் குழந்தை. "அதெல்லாம் சரிங்க. உங்க பேரப்பிள்ளைய அந்த நிலையத்துக் குவார்ட்டர்ஸ்ல குடி வெப்பீங்களா? அதைச் சொல்லுங்க."

கேட்டவளுக்கு விஷயம் தெரிந்திருக்க நியாயமில்லை. மகளுக்கு அப்போது ஐந்தாம் மாசம். மாப்பிள்ளைக்கு நிலையத்தில் எலக்ட்ரீஷியன் வேலை, குவார்ட்டர்ஸ் ஒதுக்கியிருந்தார்கள். மகள் பின்வரிசையில், சித்தப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"தெரியலம்மா," என்றாள் மைக்கில். "ராத்திரி பகலா அதைத்தான் யோசிக்கிறேன். தெரியல."

யாரும் கைதட்டவில்லை. பிரிவுத் தலைவர் தலையைக் குனிந்துகொண்டார். கொழுந்தன் எழுந்து வெளியே போய்விட்டான். வீட்டுக்கு வரும் வழியில் மகள் ஒன்றே ஒன்று சொன்னாள். "தெரியலன்னு சொல்லியிருக்க வேண்டாம்மா. ஒண்ணு ஆமான்னு சொல்லியிருக்கணும், இல்லன்னா இல்லன்னு."

அந்தக் கம்பெனி எடுத்த எல்லாப் படங்களையும் முதலிலிருந்து பார்க்க வேண்டும் என்று அவள் எழுதிக் கொடுத்தாள். ஆயிரத்துத் தொள்ளாயிரம் படங்கள். துணைக்குக் கப்பல் கட்டும் தளத்திலிருந்து ஒருவரை வரவழைத்தார்கள், அதிகம் பேசாத ஆள். அவள் பார்த்த கட்டை அவரும், அவர் பார்த்ததை அவளும் மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். மூன்றாம் மாசம் அவர் அவளைக் கூப்பிட்டார்.

"கொஞ்சம் இதைப் பாருங்க மேடம்."

ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு படங்கள். வரிகள் பிசகாமல் பொருந்தின. இரண்டாவது படத்தின் உறையில், போன வருஷத் தேதியில், அவளுடைய கையெழுத்து. அவளே பார்த்து, அவளே சரி என்று விட்டது.

கப்பல் தளத்துக்காரர் ஒன்றும் சொல்லாமல் வெளியே போய் நின்றுகொண்டார். அந்த நாகரிகம் அவளை இன்னும் குறுக வைத்தது. அன்றைக்கு என்ன நடந்தது என்று நினைவுபடுத்திப் பார்த்தாள். காய்ச்சலா, தூக்கமில்லையா, அறுபதைத் தாண்டிப் பார்த்துவிட்டாளா. எதுவும் நினைவில்லை. சாதாரண நாள். அந்த ஜாயிண்ட்டை மறுபடி படம் எடுத்தபோது, உள்ளே நன்றாகவே இருந்தது. எல்லோரும் நல்லவேளை என்றார்கள். அவளுக்கு அதில் துளி ஆறுதல் கிடைக்கவில்லை. நன்றாக இருந்ததற்கும் அவள் பார்த்ததற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

மறுநாள் மருந்துக்கடைக்குப் போனாள். கூட்டத்துக்குப் பிறகு கொழுந்தனிடம் பேசி நாலு மாசம் ஆகியிருந்தது. கடையில் ஆள் இல்லாத நேரம். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். இருபது வருஷமாக எந்த மனிதனைத் திட்டிக்கொண்டிருந்தாளோ, பார்க்காமல் கையெழுத்துப் போட்ட அந்த மனிதனின் நாற்காலியில் இப்போது தானும் உட்கார்ந்தாயிற்று என்றாள். அவன் மருந்து அட்டையைக் கத்தரித்துக்கொண்டிருந்தவன், கத்தரியைக் கீழே வைத்தான்.

"இதை எதுக்கு அண்ணி என்கிட்ட சொல்றீங்க? நாளைக்கே நோட்டீஸ் அடிப்பேன்னு தெரியாதா?"

"அடி. ஆனா முழுசா அடி. ஜாயிண்ட் நல்லா இருந்ததையும் போடு."

அவன் ஸ்டூலை இழுத்துப் போட்டான். அவள் உட்காரவில்லை. "அவன் பார்க்காம விட்டான்," என்றான் மெதுவாக. "நீங்க பார்த்தும் விட்டிருக்கீங்க. இதுதான் எனக்குப் பயமா இருக்கு அண்ணி. நீங்களே இப்படின்னா." 

நோட்டீஸ் வந்தது. அவள் யார் என்று அதில் இல்லை. ஜாயிண்ட் நன்றாக இருந்தது என்பது கடைசி வரியில் இருந்தது. அவளுக்கு மெமோ கொடுத்தார்கள். சாப்பாட்டு அறையில் அவள் மேஜைக்கு யாரும் வரவில்லை. ஆனால் அந்த நோட்டீஸ் கிளப்பிய கூச்சலில்தான், ஒவ்வொரு படத்தையும் இரண்டு பேர் தனித்தனியாகப் பார்க்க வேண்டும், ஒருவர் முடிவு மற்றவருக்குத் தெரியக்கூடாது என்ற விதி வந்தது. அவள் மட்டும் எழுதிக் கொடுத்திருந்தால் அது ஃபைலோடு தூங்கியிருக்கும். அது அவளுக்கும் தெரியும், கொழுந்தனுக்கும் தெரியும். இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசிக்கொண்டதில்லை.

ஒரு வருஷம் தாமதமாக நிலையம் ஓட ஆரம்பித்தது. பழைய நிலக்கரி நிலையத்தில் இரண்டு பாய்லர்களை நிறுத்தினார்கள். துணி காயப்போட்டால் கறுப்பு படிவது குறைந்துவிட்டது என்று அக்கம்பக்கத்தில் சொன்னார்கள். கொழுந்தன் கடை வாசலில் போர்டு இன்னும் இருக்கிறது. மாசம் ஒரு தடவை வருகிறான், காபி குடிக்கிறான், பேத்தியைப் பற்றிப் பேசுகிறான். மகள் கைக்குழந்தையோடு குவார்ட்டர்ஸுக்குக் குடிபோனாள். அம்மாவும் கூடவே வந்துவிட வேண்டும் என்று ஒரு அறையை ஒழித்து வைத்திருக்கிறாள்.

வருஷத்துக்கு ஒரு முறை நிலையத்தை நிறுத்திக் குழாய்களைச் சோதிப்பார்கள். அப்போதெல்லாம் அவள்தான் முதலில் பார்க்கிறாள், இப்போது ஒரு நாளைக்கு நாற்பது படம். அங்கே குடி வருவதைப் பற்றி மகள் கேட்கும்போதெல்லாம், இந்த வருஷத்து வேலை முடியட்டும் என்கிறாள்.