சிவனேஸ்வரி வைத்த படையல்

சிவனேஸ்வரி பென்டில் ஹில்லில் எனக்குப் பக்கத்து வீடு. சிட்னியில் ஒரு தொலைக்காட்சி ஸ்டூடியோவில் நடிகர்களுக்கு உடுப்புத் தைத்து, அயர்ன் பண்ணிக் கொடுக்கும் வேலை. அங்கே எடுத்த தொடரோ, ஒரு நகைச்சுவை நிகழ்ச்சி தயாரிக்கிறவர்கள் திரைக்குப் பின்னால் அடிக்கிற கூத்தைப் பற்றியது. சிரிப்புக் காட்டுகிறவர்களைப் பார்த்துச் சிரிக்க இன்னொரு தொடர்! வெள்ளைக்காரனுக்கு வேறு வேலை இல்லை என்பேன் நான். அவள் சிரிப்பாள்.

அவளுடைய கணவர் வரதராஜா 2009 மே மாதம், ஊரில் போர் முடிந்தபோது ராணுவத்திடம் சரணடைந்தவர். பிறகு தகவலே இல்லை. மகன் ஏதோ சிறையில் இருக்கிறான் என்றே மாமியார் கல்யாணி நம்பினார். சிவனேஸ்வரிக்கு மூன்றாம் வருடம் அந்த நம்பிக்கை விட்டுப்போயிற்று. போன மனிதருக்கு ஒருபிடி சோறாவது வைக்கவேண்டும் என்று மனம் அரித்தது. செத்தவருக்கு எட்டாம் நாள், அவர் விரும்பித் தின்றதையெல்லாம் படைப்பது எங்கள் வழக்கம். வீட்டில் படைத்தால் மாமியின் நம்பிக்கையில் மண் விழும். அதனால் ஸ்டூடியோவின் உடுப்பு அறையில், தொங்கும் கோட்டுகளுக்குப் பின்னால், வாழையிலை போட்டுச் சோறும் அவருக்குப் பிடித்த முருங்கையிலை போட்ட கணவாய்க் கறியும் ஒரு சிகரெட்டும் வைத்துக் கும்பிட்டாள்.

அதைக் கண்டுவிட்டவள் நிவேதிகா. தொடருக்கு எழுதுகிறவர்களில் ஒரே தமிழ்ப்பிள்ளை. "ப்ராமிஸ் அன்ரி, ஒருத்தருக்கும் சொல்லமாட்டன்" என்று கட்டிப்பிடித்து அழுதாளாம். சிவனேஸ்வரி படைத்த சோற்றில் அவளுக்கும் ஒருவாய் ஊட்டிவிட்டாள்.

அடுத்த வருடம் ஒருநாள் அந்தத் தொடரைப் பார்க்க நானும் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். மருமகள் தைத்த உடுப்பைப் பார்க்கவென்றே மாமி கிழமைதோறும் டிவி முன்னால் கதிரை போட்டு இருப்பார். திரையில் உடுப்பு அறை வந்தது. கோட்டுகளுக்குப் பின்னால் வாழையிலை. ஒரு கோமாளி வந்து கணவாய்க் கறியை வழித்துத் தின்றுவிட்டு, சிகரெட்டையும் பற்றவைத்தான். டிவிக்குள் சனம் விழுந்து விழுந்து சிரித்தது. அந்தக் காட்சி எடுத்த அன்று, "களைச்சுப் போனீங்கள் அன்ரி, லீவு எடுங்கோ" என்று இவளை வீட்டுக்கு அனுப்பியதும் அதே நிவேதிகாதான்.

சிவனேஸ்வரி குசினிக்குள் போய் அவளுக்கு ஃபோன் எடுத்தாள்.

"பேர் மாத்தினனான்தானே அன்ரி. அது ஒரு ட்ரிபியூட்."

பாவி! அந்த நிவேதிகாவுக்குத் தின்ற சோறு எப்படிச் செரித்தது?

"என்ர கையால உனக்குச் சோறு தந்தனானடி" என்றுமட்டும் சொல்லி ஃபோனை வைத்தாள் சிவனேஸ்வரி.

திரும்பி வந்தபோது மாமி கதிரையை விட்டு எழும்பவில்லை. "உண்மையைச் சொல்லு. என்ர பிள்ளைக்கு நீ படைச்சனியோ?"

எழுதினவள் கற்பனை பண்ணியது என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். அவளுக்கு வாய் வரவில்லை. "ஓம் மாமி."

"அவள் பிறத்தி, என்னவும் செய்வாள். நீ அவனைச் சாக்காட்டிப்போட்டு, 'அவர் வருவார் மாமி' எண்டு எனக்குத் தேத்தண்ணி ஊத்தித் தந்தனியே!"

அடுத்த கிழமை மாமி வெரிபீயில் இருக்கும் மகளிடம் புறப்பட்டார். வாசலில் சிவனேஸ்வரியின் முகத்தைப் பிடித்து, நெற்றிப் பொட்டைத் தன் சேலைத் தலைப்பால் துடைத்தார்.

"இனி உனக்கு இது என்னத்துக்கு?" என்றார்.