இடது கையில் டார்ச்

அமெரிக்காவில், ஃபிரிஸ்கோ நகரில் எங்கள் தெருவில் ஒரு வீட்டில் திருட்டு நடந்ததும் நான் கைத்துப்பாக்கி வாங்கினேன். அதன் குழலுக்கடியில் மாட்டும் விளக்கு ஒன்றையும் ஆசையாகத் தேர்ந்தெடுத்தேன். என் மனைவி வசந்திக்கு அது பிடிக்கவில்லை.

"யாருன்னு பாக்கணும்னாலே துப்பாக்கிய அவங்க மேல நீட்டணுமே? தனியா ஒரு டார்ச் வாங்குங்க."

முணுமுணுத்துக்கொண்டே அந்த விளக்கை விட்டுவிட்டு டார்ச் வாங்கினேன்.

ஊரிலிருந்து மாமியார் வந்து இறங்கிய இரவு, சமையலறையில் டப்பா உருளும் சத்தம். தூக்கக் கலக்கத்தில் அவர் வந்திருப்பதே எனக்கு மறந்துவிட்டது. வலது கையில் தரையைப் பார்த்தபடி துப்பாக்கி, இடது கையில் டார்ச். டார்ச்சை அழுத்தினேன்.

ஜெட்லாகில் தூக்கம் வராத மாமியார், கன்னம் உப்ப மைசூர்பாகை மென்றுகொண்டு நின்றார். சர்க்கரை நோயாளி வேறு.

"ஐயோ, லைட்ட அணைங்க மாப்பிள்ளை! வசந்திகிட்ட சொல்லிடாதீங்க!"

கண் கூசியதில் என் வலது கையை அவர் பார்க்கவில்லை. டார்ச்சை அணைத்துவிட்டுப் போய்த் துப்பாக்கியைப் பூட்டிவைத்துவிட்டு வந்தேன். இருட்டிலேயே ஆளுக்கொரு துண்டு தின்றுவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். அப்படி இனித்த மைசூர்பாகை நான் அதற்குமுன் தின்றதில்லை.

வசந்தியிடம் இன்றுவரை எதையும் சொல்லவில்லை. டார்ச் வாங்கச் சொன்னதற்கு மட்டும் அடிக்கடி தேங்க்ஸ் சொல்கிறேன்.

"ஒரு டார்ச்சுக்கா இவ்ளோ?" என்று சிரிக்கிறாள்.