சாக்கும்மா, சாக்கு!

போன வருஷம் மழைக்காலத்தில், பெங்களூரை ஒட்டிய சந்தாபுராவில் நடந்தது இது. நாங்கள் கோலார் தங்கவயலிலிருந்து வந்து இங்கே குடியேறியவர்கள். வீட்டில் தமிழ்தான் பேசுவோம். ஆனால் அதில் கன்னடம் தாராளமாகக் கலந்திருக்கும்.

என் மகள் பியூசி இரண்டாம் வருஷத்தில் கணக்கில் தோற்றுவிட்டாள். மறுபடி எழுத மாட்டேன், காலேஜே வேண்டாம் என்று உட்கார்ந்துவிட்டாள். பாதியில் விடக் கூடாதுடி என்று நான் ஆரம்பித்ததுமே, "நீ எதைம்மா முழுசா முடிச்சிருக்க?" என்று கேட்டாள். சுருக்கென்றது. டைப்ரைட்டிங், தையல், ஸ்கூட்டர் என்று நான் தொடங்கிக் கைவிட்டதெல்லாம் அவளுக்குத் தெரியும். அந்த ரோஷத்தில்தான், நான் வேலை பார்க்கும் கார்மென்ட்ஸில் சில பெண்கள் சேர்ந்திருந்த இருபத்தொரு கிலோமீட்டர் ஓட்டத்துக்கு நானும் பெயர் கொடுத்தேன்.

சில மாதம் விடியற்காலையில் எழுந்து ஓடிப் பழகினேன். ஒருநாள் பஸ்ஸைப் பிடிக்கத்தான் ஓடி வருகிறேன் என்று நினைத்து ஒரு கண்டக்டர் வண்டியையே நிறுத்திவிட்டார். நான் ஏறாமல் தாண்டிப் போனதும் பஸ் முழுக்கச் சிரித்தது. மானம் போயிற்று. ஆனாலும் விடவில்லை.

ஓட்டத்துக்கு முந்தைய நாள் போனில் செய்தி வந்தது. நகரத்துச் சாலைகளில் மழைத் தண்ணீர் நிற்பதால் ஓட்டம் ரத்தாம். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"அவங்களே வாணாம்னுட்டாங்க, உனக்கின்னா? போர்த்திக்கினு தூங்கு" என்றார் என் கணவர். மகள் என் ஷூவை எடுத்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

காலையில் தனியாகக் கிளம்பிவிட்டேன். சந்தாபுராவிலிருந்து அத்திபெலே போய்த் திரும்பினால் ஏறக்குறைய அதே தூரம்தான். போகும்போது ஒன்றும் தெரியவில்லை. திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. முட்டி வலி வேறு. ஒரு பஸ் நிறுத்தத்தில் ஒதுங்கி உட்கார்ந்தேன். இந்த மழையில் யார் ஓடுவார்கள், ஓட்டமே ரத்தான பிறகு எனக்கு மட்டும் என்ன, முட்டி போனால் வேலைக்கு எப்படிப் போவது என்று மனசு வரிசையாக எடுத்துக் கொடுத்தது. பஸ்ஸில் ஏறிவிடலாம் என்று முடிவே செய்துவிட்டேன்.

பக்கத்தில் பூக்கூடையோடு ஒரு அம்மா பஸ்ஸுக்குக் காத்திருந்தார். நான் மூச்சு வாங்குவதையும் முட்டியைத் தேய்ப்பதையும் கொஞ்ச நேரம் பார்த்தவர், என் தோளில் கைவைத்து, "சாக்கும்மா, சாக்கு!" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முன்பின் தெரியாதவர், நான் சாக்குச் சொல்கிறேன் என்கிறாரே! என் முட்டி வலி இவருக்குத் தெரியுமா? விருட்டென்று எழுந்து மழையில் இறங்கினேன். பின்னாலிருந்து அவர் ஏதோ கூப்பிட்டார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பாதி ஓட்டமும் பாதி நடையுமாக, வழியெல்லாம் அவரைத் திட்டிக்கொண்டே வீடு வந்து சேர்ந்தேன்.

குளித்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தேன். மகள்தான் பரிமாறினாள். சோற்றை அள்ளி அள்ளி வைத்தாள். கையால் தட்டை மறைத்து, "சாக்கு, சாக்கு!" என்றேன்.

சொன்ன பிறகுதான் உறைத்தது. கன்னடத்தில் 'போதும்' என்று அர்த்தம். நாள் முழுக்க என் வாயில் வருகிற வார்த்தை. பாவம் அந்த அம்மா, போதும் தாயே, உடம்பைப் பார்த்துக்கொள் என்று சொல்லியிருக்கிறார்!

மகளிடம் சொன்னதும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். "அப்ப, நிறுத்துன்னு சொன்னதைக் கேட்டுத்தான் ஓடி முடிச்சியா?" என்று கேட்டு மறுபடியும் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு தாங்கவில்லை. அடுத்த வாரம் அவளாகவே கணக்குப் புத்தகத்தை எடுத்தாள். அதற்கு நான்தான் காரணமா என்று அவளிடம் நான் கேட்கவில்லை.

என்னைச் சாக்குச் சொல்கிறவள் என்று அன்று திட்டியது அந்த அம்மா இல்லை, நானேதான் என்று தெரிந்ததிலிருந்து, எதையாவது பாதியில் போடக் கை வரும்போதெல்லாம் எனக்கு என்னிடமே கொஞ்சம் பயமாக இருக்கிறது.