முதல் மூட்டைக்குப் பெயர் லாபம்

“லாபம்!” என்றுதான் சிவனாண்டி குரல் கொடுப்பார். வருகைப் பதிவுக்கு அவரவர் எண்ணைச் சொல்ல வேண்டும்; ஒன்றாம் எண் அவருடையது. முதல் ஆளாக வந்து சேர்ந்தவர். அரிசி மண்டியில் மூட்டை எண்ணும்போது ஒன்று என்று சொல்லமாட்டார்கள். லாபம், ரெண்டு, மூணு என்றுதான் போகும். இருபது வருடம் அப்படி எண்ணிய வாய், சமுதாயக் கல்லூரிக்கு வந்ததும் மாறிவிடுமா? டேலி என்கிற கணக்கு மென்பொருளைச் சொல்லித்தரும் ஆர்த்திகா மேடம் நாலு நாள் திருத்திப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்.

நான் அங்கே கணினி அறைப் பொறுப்பாளன். வயரை யாராவது தொட்டால் எரிந்து விழுகிறவன். என்னிடமே தினமும், “கம்ப்யூட்டரப் போட்டு வச்சிருக்கீகளே, நல்லாயிருப்பீக” என்பார். அதற்குத்தானய்யா எனக்குச் சம்பளம் என்றால் காதில் வாங்கமாட்டார். ஃபேன் போட்டவருக்கு நன்றி, நாற்காலி நகர்த்தியவருக்கு நன்றி. விட்டால் பிரிண்டருக்கும் சொல்லுவார்.

பழங்காநத்தத்துக்காரர், வயது நாற்பத்தாறு. மூன்று வருடத்துக்கு முன் லாரியிலிருந்து மூட்டையோடு சறுக்கி விழுந்ததில் வலது தோள் போனது. மேசை உயரத்துக்குக்கூட அந்தக் கை தானாக எழும்பாது. அதே மண்டியின் வாசலில் உட்கார்ந்து இடது கையால் வண்டி நம்பர் எழுதிக்கொண்டிருந்தார். “தைக்குள்ள சர்டிபிகேட்டோட வா, ஸ்டாக் பாக்குற சீட்டு ஒனக்கு. இல்லேன்னா வாசலுக்கும் வேற ஆளப் போட்டுருவேன்” என்று முதலாளி கறாராகச் சொல்லியிருந்தார்.

செய்முறைத் தேர்வில் ஒரு மணி நேரத்தில் முப்பது பதிவுகள் போட வேண்டும். இடது கையின் ஒற்றை விரலால் தட்டித் தட்டி அவர் பன்னிரண்டைத் தாண்டவில்லை. வீட்டுக்குப் போகாமல் பழகியும் அதே பன்னிரண்டுதான்.

பக்கத்து இருக்கை முத்துமீனா, கீழக்குயில்குடியிலிருந்து வருகிற பெண். ஒருநாள் யாரையும் கேட்காமல் கீபோர்டைத் தூக்கி அவர் மடியில் வைத்தாள்.

“இப்பிடி வச்சு அடிங்கண்ணே. கையத் தூக்கவே வேணாம்ல?”

நான் வயரைப் பார்த்துக் கத்தினேன். அவருக்கு அது கேட்கவேயில்லை. மூன்று வருடமாகச் சும்மா தொங்கிய கை, எழுத்துகளின் மேல் மெல்ல நகர்ந்தது.

“இம்புட்டு நாளா இது தோணலையே! நல்லாயிருப்ப தாயி” என்றவருக்குக் கண் கலங்கிவிட்டது. அப்புறம் நான் கத்தவில்லை. மடியில் வைத்துப் பழகப் பழக, பன்னிரண்டு முப்பதானது.

தேர்வன்று அவருக்கு ஒதுக்கிய கணினியில் கீபோர்டு வயர் குட்டை. மடி வரைக்கும் எட்டவில்லை. மணி அடித்தாகிவிட்டது. யாரிடமும் ஒரு வார்த்தை கேட்காமல், மனிதர் இடது கை விரலால் தட்ட ஆரம்பித்தார். பிறருடைய பரீட்சையில் குறுக்கே வரக்கூடாதாம். முன்வரிசையிலிருந்து முத்துமீனா திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தாள். தேர்வாளரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு, வயர் நீளமான என் மேசைக் கீபோர்டை நானே பிடுங்கிக் கொண்டுபோய் மாட்டினேன். அவர் முப்பதாவது பதிவை முடித்தபோது இரண்டு நிமிடம் மிச்சம் இருந்தது. திரையில் விரல் வைத்து, லாபத்திலிருந்து முப்பது வரை எண்ணிச் சரிபார்த்துவிட்டுத்தான் எழுந்தார்.

நேற்று வந்திருந்தார். மார்கழி பிறந்து பத்து நாள்கூட ஆகவில்லை. ஸ்டாக் சீட்டில் உட்கார்ந்தாகிவிட்டதாம். கையில் ஒரு பை நிறையச் சீரணி மிட்டாய். நாங்கள் சுற்றி நின்றோம். இடது கையால் கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை. வலது கையில் ஒரு மிட்டாயை எடுத்துக்கொண்டார். இடது கையால் வலது முழங்கையைத் தாங்கி, மெதுவாக உயர்த்தி, முதலில் முத்துமீனாவிடம் நீட்டினார்.

“லாபம்” என்றார்.