வேப்பமரத்தடிக்கு அனுப்பப்பட்ட பிள்ளைகள்

சபையாரே, நான் இருக்கும் இந்த ஊர்ச் சர்ச்சில் யாரும் "கொஞ்சம் நகருங்க" என்று சொல்வதில்லை. ஒரு பெஞ்சுக்கு ஒருவர், நடுவில் இரண்டு பெஞ்சு காலி, அப்புறம் இன்னொரு நரைத்த தலை. ஆஸ்திரேலியாவில் கோதுமை வயல்களுக்கு நடுவே இருக்கிற சின்ன ஊர். முதியோர் இல்லத்தில் நர்ஸ் வேலைக்கு என் மனைவி வந்தாள். அவளோடு நானும் மூன்று வயது மகனும் வந்தோம். சர்ச்சின் பின்பக்கம் பிள்ளைகளுக்கென்று ஒரு மூலை உண்டு. பாய், பொம்மைகள், ஒரு டப்பா கலர் பென்சில். அத்தனை பென்சிலும் ஒரே உயரம். சீவித் தேய்க்க ஒரு பிள்ளை வந்ததில்லை. ஆனாலும் வாராவாரம் யாரோ தூசி தட்டி வைக்கிறார்கள்.

நாங்கள் போன முதல் ஞாயிறு, ஜெப நேரத்தில் என் மகன் பொம்மை லாரியைத் தரையில் ஓட்டி 'டுர்ர்' என்று கத்தினான். வெட்கத்தில் அவனைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினேன். ஜோன் என்கிற வயதான அம்மா கைத்தடியோடு பின்னாலேயே வந்தார். திட்டத்தான் வருகிறார் என்று "சாரி, சாரி" என்றேன். அவர் தலையை ஆட்டினார், கைத்தடியால் கதவைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு "ப்ளீஸ், கம் பேக்" என்றார். கண் கலங்கியிருந்தது. கெஞ்சுகிறார் என்று எனக்கு உறைக்கவே நேரமாயிற்று. தன் பேரப்பிள்ளைகளுக்கு ஒரு ஜெபமும் தெரியாது என்று பிறகு சொன்னார்.

போன மாதம் ஒரு ஞாயிறு பிற்பகல், போனில் நம் ஊர்ச் சபை ஆராதனையை லைவில் பார்த்துக்கொண்டிருந்தேன். மானாம்பதி தாண்டி வயலோரம் இருக்கும் நம் சபைதான். பீடத்துக்கு முன்னால் பிள்ளைகள் உட்காரும் பாயைக் காணோம். அந்த இடத்தில் பூந்தொட்டியும் ஸ்பீக்கர் பெட்டியும் இருந்தன. ஆராதனை முடிந்ததும் என் தங்கை புருஷன் தேவராஜைக் கூப்பிட்டேன். கேமரா அவர் பொறுப்பு.

"இன்னா மச்சான், சவுண்டு கிளியரா கீதா?"

"புள்ளைங்க எங்க மாப்ள?"

"பின்னால வேப்பமரத்தாண்ட உக்கார வச்சுட்டோம். பாட்டு நடுவுல கத்திக்கினு ஒரே பேஜார். ஆளுக்கொரு போனைக் குடுத்தோம், மூச்சு காட்டலயே! எல்லாம் வெளிநாட்ல பாக்கறீங்களே, உங்களுக்காகத்தான்."

அவர் மகள் கிருபா போனைப் பிடுங்கினாள். எட்டு வயது. "மாமா, அடுத்த வாரம் நான் போமாட்டேன். வெளியதான உக்காரணும்? அதுக்கு வூட்லயே உக்காந்துக்கறேன்."

என் உடம்பு பற்றி எரிந்தது. எனக்காகவா? நான் கேட்டேனா? சபையாரே, உங்களையும்தான் கேட்கிறேன். நம் தாத்தா காலத்தில் எத்தனை வாசலுக்கு வெளியே நம்மை நிற்கவைத்தார்கள்! நடுவில் பாய் போட்டு உட்காரவைத்தது இந்தச் சபை ஒன்றுதான். அதனால்தானே விசுவாசித்தோம்? இப்போது நாமே நம் பிள்ளைகளை வெளியே தள்ளிவிட்டு, உள்ளே அல்லேலூயா பாடுகிறோம். பிள்ளைகளைத் தடுத்தவர்கள்மேல் ஆண்டவரே கோபப்பட்டார், நான் எம்மாத்திரம்? விசுவாசம் என்ன, கால் பங்கு கிணற்றுப் பட்டாவா, செத்தபிறகு தானாகப் பேர் மாறுவதற்கு? பக்கத்தில் உட்காரவைத்து, கத்தினாலும் பொறுத்து, கை பிடித்துச் சொல்லித்தந்தால்தான் வரும். நாம் வளர்க்காமல் அவர்கள் வளரமாட்டார்கள். இன்னும் முப்பது வருஷம் கழித்து எந்தக் கதவைப் பிடித்துக்கொண்டு, யாரைக் கெஞ்சப் போகிறோம்? எனக்கு லைவ் வேண்டாம். கேமராவைக் கழற்றுங்கள், பாயை விரியுங்கள் என்று அன்றைக்கே தேவராஜிடம் கத்திவிட்டேன்.

அவருக்கு ரோஷம். கேமராவைக் கழற்றிவிட்டார். பாயும் விரித்தார்களாம். மறு ஞாயிறு கிருபாவை என் தங்கைதான் அதட்டி வாசல்வரை இழுத்துப் போனாள். கிருபா செருப்பைக்கூடக் கழற்றாமல் சபை வாசற்படியிலேயே நின்றாளாம். உள்ளே அத்தனை பேர் இருந்தும் ஒருவரும் திரும்பிப் பார்த்து ஒரு வார்த்தை கூப்பிடவில்லை. அவள் திரும்பி வீட்டுக்கு நடந்துவிட்டாள்.

இனி எந்த ஞாயிறு அவள் வந்து நின்றாலும் நீங்கள்தான் கூப்பிட வேண்டும். என் குரல் அங்கே எட்டாது. இன்று அங்கே ஆராதனை தொடங்கும் நேரத்தில், இங்கே லைவ் இல்லாத வெறும் போனைக் கையில் வைத்துக்கொண்டு, வாய்விட்டே சொல்லிப் பார்த்தேன்: "உள்ள வா கண்ணு."

பின்கட்டில் விளையாடிக்கொண்டிருந்த என் மகன் ஓடி வந்தான்.