ஓரத்தில் விழுந்த கமெண்ட்டுகள்

தண்டையார்பேட்டை மும்தாஜை, இணையத்தில் வலைப்பூ படிக்கிறவர்களுக்கு நன்றாகத் தெரியும். கணவர் காதர், துறைமுகத்துக்கு கன்டெய்னர் லாரி ஓட்டுகிறவர். எண்ணூர் நெடுஞ்சாலையில் லாரி வரிசை நின்றால் நின்றதுதான். வீட்டுக்கு வந்து அவர் சொல்கிற கதைகளை மும்தாஜ் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து தட்டுவார் — பேசுகிற பாஷையிலேயே. துபாயிலிருந்தெல்லாம் கமெண்ட் கொட்டும்.

காதர் மட்டும் ஒரு வரி படித்ததில்லை. கம்ப்யூட்டர் என்றாலே அவருக்குப் பேஜார்.

'புத்தகமாகப் போடுங்களேன்' என்று எனக்குத் தெரிந்த பதிப்பாளரிடம் சொன்னேன். படித்தார். விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு மும்தாஜுக்கு போன் போட்டு ஒரு நிபந்தனை வைத்தார்.

"நெட்ல எப்படி வேணா எழுதலாம்மா. அச்சுன்னா நல்ல தமிழ் வேணும். 'வூடு' எல்லாம் 'வீடு' ஆகணும்."

"அப்ப புக்கே வோணாம் சார்" என்றார் மும்தாஜ். "எங்க வூட்டுக்காரரு 'வீட்டுக்கு வந்துவிட்டேன்'னு சொன்னா, எவனோ வேற ஆளுன்னு கதவையே தொறக்க மாட்டேன்!"

மறுமுனையில் மறுபடி சிரிப்பு. "சரிம்மா... ஒரு எழுத்தைக்கூடத் தொடலை."

தொடவில்லை. புத்தகம் வந்ததும் காதர் ஒரு பிரதியை லாரியில் எடுத்துப் போனார். வரிசையில் நிற்கும்போது, மனைவி எழுதியதை முதன்முதலாகப் படித்தார். முன்னால் நின்ற லாரிக்காரர் கேட்டார், கொடுத்தார். அவரிடமிருந்து அதற்கும் முன்னால் நின்றவர்... லாரிகள் நகரவில்லை, புத்தகம் நகர்ந்துகொண்டே போனது!

போன ஞாயிறு அவர்கள் வீட்டுக்குப் போனேன். ஊர் சுற்றிய புத்தகம் திரும்பி வந்திருந்தது. அட்டையில் கிரீஸ், உள்ளே டீக்கறை, பக்கங்களின் ஓரமெல்லாம் டிரைவர்களின் பேனா எழுத்து.

'சோக்கா கீது தங்கச்சி.'

'டயர் வெடிச்சது மணலியில இல்ல, அத்திப்பட்டுல. நானும் அங்கதான் இருந்தேன்.'

'அடுத்த புக்குல நம்ம பேரையும் போடு.'

அச்சா, இணையமா என்று மேடைக்கு மேடை மல்லுக்கட்டுகிறோமே... டிரைவர்கள் யாரைக் கேட்டார்கள்? இடம் இருந்தது, கமெண்ட் போட்டுவிட்டார்கள். எல்லாவற்றையும் வலைப்பூவில் ஏற்றப்போவதாக மும்தாஜுக்கு ஒரே குஷி.

கடைசிப் பக்கத்தில் காதரின் எழுத்து: 'படிக்க சொல்லோ நீ பக்கத்து சீட்டுல குந்தினுகீற மாதிரியே இருந்திச்சி.'

"இதையும் ஏத்துவீங்களா?" என்று கேட்டேன்.

வெடுக்கென்று புத்தகத்தைப் பிடுங்கிக்கொண்டார். "அது மட்டும் புக்குலயே இருக்கட்டும் சார்!"