தம்பியின் கையெழுத்து

அறுபது சென்ட் கேரட் நிலத்துக்கு மானியம் வாங்குவது பெரிய சாமர்த்தியம் ஒன்றுமில்லை. ஆனால் எங்கள் நிலம் அப்பா காலத்துக்குப் பிறகு என் பெயரிலும் தம்பி பெயரிலும் கூட்டுப் பட்டாவாகவே கிடந்தது. பயிர் செய்வது நான். விதைக்கும் உரத்துக்கும் மானியம் கேட்டு ஒவ்வொரு வருஷமும் தோட்டக்கலை அலுவலகத்துக்குப் போனால், "தம்பியோட சம்மதக் கடிதம் எங்கீங்க?" என்பார்கள். முதல் வருஷம் எரிச்சலாக இருந்தது. பிறகுதான் அதன் அருமை தெரிந்தது.

தம்பிக்கு அருவங்காட்டில் தொழிற்சாலை வேலை, குவார்ட்டர்ஸ் வீடு, இரண்டு பிள்ளைகள். காந்தலைத் தாண்டி இருக்கும் என் வீட்டுக்கு அரை நாள் ஒதுக்கினால் வந்து போய்விடலாம். ஆனாலும் காரணம் இல்லாமல் வர மாட்டான். கையெழுத்துக்கு மட்டும் கூப்பிட்ட மறுவாரமே வந்து நிற்பான். கடிதத்தைப் படிக்காமலே கையெழுத்துப் போடுவான். பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு நிலத்தில் இறங்கி, வாய்க்கால் வெட்டியது சரியில்லை என்று குறை சொல்வான். சாப்பிட்டு ஒரு தூக்கம் போட்டுவிட்டு நாலு மணி பஸ்ஸுக்குக் கிளம்புவான். இவனுக்கு என்ன தெரியும் விவசாயத்தைப் பற்றி என்று வாய்க்குள் திட்டிக்கொண்டே இரண்டு குழம்பு வைப்பேன். மானியம் இல்லாவிட்டாலும் எப்படியோ விதை வாங்கியிருப்பேன். நான் ஒருத்தியே இருக்கும் வீட்டில் இன்னொரு ஆளின் குரல் வருஷத்துக்கு அந்த ஒரு நாள்தான் கேட்டது.

அது எனக்குப் போதவில்லை. போன வருஷம் கடிதத்தில் சர்வே எண்ணை வேண்டுமென்றே தப்பாக எழுதினேன். அலுவலகத்தில் திருப்பிவிட்டார்கள். தம்பி மறுபடியும் வந்தான். உள்ளுக்குள் எனக்கு ஒரே கொண்டாட்டம். அவன் முகம்தான் வாடியிருந்தது.

"என்னால உனக்கு எத்தனை அலைச்சல்க்கா," என்றான்.

கிளம்பும்போது பையிலிருந்து ஒரு தாளை எடுத்து, "இதுலயும் ஒரு கையெழுத்துப் போட்டுரு," என்றான். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதே என்று நானும் படிக்காமல் போட்டேன். அப்புறம் சர்வேயர் வந்து அளந்தபோதுகூட, ஏதோ சர்க்கார் வேலை என்று விட்டுவிட்டேன்.

சில மாதம் கழித்துப் போன் செய்தான். குரலில் அத்தனை சந்தோஷம். "அக்கா, நிலத்தைப் பிரிச்சு உனக்குத் தனிப் பட்டா வாங்கிட்டேன். தண்ணி இருக்கற பக்கம் உனக்குத்தான். இனி நீ என் கையெழுத்துக்குக் காத்துட்டிருக்க வேண்டியதில்ல."

யாருடைய தம்பி இப்படிச் செய்வான்? எனக்காக ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கியிருக்கிறான். "ரொம்ப நல்லதுடா," என்று சொல்லிவிட்டு, போனை வைத்ததும் அழுதேன்.

இந்த வருஷம் தனியாகப் போய் விண்ணப்பம் கொடுத்தேன். பத்து நிமிஷத்தில் வேலை முடிந்தது. மானியமும் சீக்கிரமே வந்துவிட்டது. அதைச் சொல்வதற்கென்று தம்பிக்குப் போன் செய்தேன். சும்மா ஒரு நாள் வாடா என்று கேட்கத்தான் உண்மையில் செய்தேன். லீவு இல்லை என்று சொல்லிவிடுவானோ என்ற பயத்தில் வாய் வரவில்லை.

"வேற ஏதாச்சும் வேணுமாக்கா?" என்றான்.

"ஒண்ணும் வேண்டாம், நீ வேலையைப் பாருடா," என்றேன்.